ஒரே ஒரு பிழை

“ராத்திரி பூரா வேலை பாத்த ஆளு ஒரு தடவ தப்பு பண்ணுனா, வேலைய விட்டே நிறுத்திப்புடுவீங்களா தம்பி?”

வலங்கைமான் பக்கத்திலிருந்து, கும்பகோணத்தில் நான் வேலை பார்க்கும் லேப்டாப் கடைக்கு வந்த அந்த ஐயா கேட்டதற்கு இன்னும் என்னிடம் நேரான பதில் இல்லை. மறுநாள் மகளைத் திருச்சியில் ஹாஸ்டலில் சேர்க்க வேண்டும். குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் ஏறியதும் வந்திருந்தார்.

அவருக்கு எடுத்துவைத்த செகண்ட்ஹேண்ட் லேப்டாப் எல்லாவற்றிலும் தேறியிருந்தது. கீபோர்டில் ஒவ்வொரு விசை, கீல், கேமரா, எஸ்எஸ்டி, பேட்டரி என்று எதிலும் குறையில்லை. கடைசியாக, ரேம் என்கிற நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை இரவு முழுக்க ஓடவிட்டேன். மூன்றாவது சுற்றில் ஒரே ஒரு பிழை. காலையில் மறுபடி ஓட்டினேன், சுத்தமாக வந்தது. அதுதான் சிக்கல். திரும்பத் திரும்பப் பிழை வந்திருந்தால் யோசிக்கவே வேண்டியதில்லை.

“இத தர முடியாதுங்கய்யா” என்று சொல்லி அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். ரேம் பிழை சொல்லிக்கொண்டு வராது. ஃபைலைச் சேமிக்கும்போது ஒரு பிட், அதாவது ஒரே ஒரு 0 அல்லது 1, மாறிப் பதிந்தால், அந்தப் பெண் தன் புரோகிராமில்தான் தப்பு என்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தேடுவாள். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவள் வெறுங்கையோடு வகுப்புக்குப் போயிருப்பாளே என்பதும் கூடவே வருகிறது.

ரேம் கழற்றி மாட்டும் ஸ்லாட்டில் இருந்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை, அதை மட்டும் மாற்றியிருப்பேன். அந்த மாடலில் அது போர்டோடு சால்டர் வைத்து ஒட்டப்பட்டது. 2021-இல் ஃபிரேம்வொர்க் என்ற கம்பெனி கொண்டுவந்த லேப்டாப்பில் ஸ்க்ரூடிரைவரைப் பெட்டியிலேயே வைத்துத் தருகிறார்கள். ரேம் இரண்டு ஸ்லாட்டில் உட்காருகிறது. பாகங்களில் கியூஆர் கோடு இருக்கிறது, ஸ்கேன் செய்தால் மாற்றும் முறை வரும். 2023-இல் வந்த, ஏஎம்டி பிராசஸர் உள்ள மெயின்போர்டு அந்தப் பழைய உடம்புக்குள்ளேயே பொருந்துகிறது. அப்படிப்பட்ட மெஷினில் டெஸ்ட் என்பது எந்தப் பாகத்தை மாற்றுவது என்று காட்டும் வேலை. என் மேஜையில் அன்று அது ‘இல்லை’ என்று சொல்ல மட்டும்தான் உதவியது. சால்டர் செய்வதையே குற்றம் என்றும் சொல்ல மாட்டேன். அதில் கரண்டும் இடமும் மிச்சம், வேகமும் கிடைக்கிறது. அதே ஃபிரேம்வொர்க் 2025-இல் கொண்டுவந்த டெஸ்க்டாப்பில் அந்த வேகத்துக்காகவே ரேமைச் சால்டர் செய்துவிட்டார்கள்.

முதலாளி அண்ணன் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “விவரத்தச் சொல்லிட்டு அவரு முடிவுக்கு விட்டுருக்கலாம்டா” என்று மட்டும் சொன்னார். விவரம் சொன்னேன்தான். முடிவைத்தான் அவரிடம் விடவில்லை. அது அவர் காசு, அவர் மகள். ஆனால் மூன்றாவது சுற்றில் வந்த பிழையின் எடையை அவர் எதை வைத்து அளப்பார்? நானே இன்னும் அளந்து முடிக்கவில்லை.

அந்த லேப்டாப்பில்தான் இப்போது கடையில் பில் போடுகிறோம். இதுவரை நிற்கவில்லை. பில் போடுவது லேசான வேலை, அதை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்போதெல்லாம் சரக்கு எடுக்கும்போதே பின்மூடியைக் கழற்றி, ஸ்லாட் இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன். படிக்கிற பிள்ளைகளுக்கு என்றால் சால்டர் ரேம் உள்ளதை எடுப்பதில்லை. ஸ்லாட் உள்ளது கிடைக்கும்போது விலை கொஞ்சம் ஏறத்தான் செய்கிறது. அந்த விலைக்கு அந்த ஐயாவால் வாங்கியிருக்க முடியுமா, தெரியவில்லை.