மிஷெல் மூட்டோன், 1982: ஒரு ராலி நாட்குறிப்பு

அக்டோபர் 10

1981-இல் இதே நாளில் இத்தாலியின் சான்ரெமோ ராலி முடிந்தது. முதலிடம் மிஷெல் மூட்டோன். பக்கத்து இருக்கையில் ஃபாப்ரிட்ஸியா பொன்ஸ், வண்டி நான்கு சக்கர இழுவை கொண்ட ஆடி குவாட்ரோ. உலக ராலி சாம்பியன்ஷிப்பின் ஒரு சுற்றைப் பெண் ஓட்டுநர் வென்றது அதுதான் முதல் முறை. அவருக்குப் பிறகு இன்றுவரை வேறு பெண் ஓட்டுநர் எவரும் வென்றதில்லை.

அவரைப் பற்றி எங்கே படித்தாலும் இந்தச் செய்தியோடு ஆரம்பித்து இதோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதைவிட அடுத்த வருடம்தான் முக்கியம். 1982-இல் மூன்று சுற்றுகளை வென்றும் உலகப் பட்டம் 12 புள்ளியில் போயிற்று. போனதற்குக் காரணம் கியர்பாக்ஸிலும் இருக்கிறது, விதிப்புத்தகத்திலும் இருக்கிறது. அந்த வருடத்து ஐவரி கோஸ்ட் ராலி இந்த மாதக் கடைசியில் தொடங்கியது. அதுவரை குறிப்பு குறிப்பாக எழுதிப் போகிறேன்.

சான்ரெமோ பற்றி ஒன்று மட்டும். அது கொஞ்சம் தார், கொஞ்சம் மண் என்று கலந்த ராலி. தாரில் வண்டி தாழ்ந்து, ஸ்பிரிங் இறுகி இருக்க வேண்டும். மண்ணுக்கு அதே வண்டியை உயர்த்தி, ஸ்பிரிங்கை இளக்கி, டயரையும் மாற்றியாக வேண்டும். தாரில் குவாட்ரோ சுமார்தான். மண் வந்தபோது மூட்டோன் முன்னேறினார். கடைசி நாள் காலையில் இரண்டாம் இடத்து ஆரி வாட்டனனுக்கும் அவருக்கும் அரை நிமிடம்தான் இடைவெளி. துரத்திய வாட்டனன் வண்டியை அடித்துக்கொண்டார். மூட்டோன் மூன்று நிமிடத்துக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார். இரண்டாவதாக வந்தவர் ஹென்ரி டாய்வனன்.

அக்டோபர் 12

வண்டியைப் புரிந்துகொள்ளாமல் மற்றது புரியாது.

2,144 சிசி, ஐந்து சிலிண்டர், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ. ராலி வடிவத்தில் 300 குதிரைத்திறனுக்கு மேல். எஞ்சின் நீளவாக்கில், முன் அச்சுக்கும் முன்னால் தொங்குகிறது. அதன் பின்னால் கியர்பாக்ஸ், அதன் வாலில் நடு டிஃபரன்ஷியல், அதாவது விசையைப் பங்கு பிரித்து, இரு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதி. இங்கேதான் பொறியாளர்களின் கெட்டிக்காரத்தனம். கியர்பாக்ஸின் ஒரு ஷாஃப்டை உள்ளே துளையுள்ள குழாயாகச் செய்தார்கள். விசை அந்தக் குழாய் வழியே பின்னால் போய் நடு டிஃபரன்ஷியலைச் சுற்றும். அங்கிருந்து ஒரு பங்கு பின் சக்கரங்களுக்கு. மறு பங்கு குழாய்க்குள் ஓடும் இன்னொரு ஷாஃப்ட் வழியே திரும்பி வந்து முன் சக்கரங்களுக்கு. ஜீப்பில் இருப்பதுபோலத் விசையை முன்னும் பின்னும் பிரிக்கத் தனிப் பெட்டி (டிரான்ஸ்ஃபர் கேஸ்) தேவையில்லை. எடையும் இடமும் மிச்சம்.

மிச்சத்துக்கு விலையும் உண்டு. கியர்பாக்ஸ், முன் டிஃபரன்ஷியல், நடு டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே கூட்டுக்குள். ஒன்று கெட்டால் மூன்றையும் சேர்த்து இறக்க வேண்டும். அதற்கு முன்னால் எக்ஸாஸ்ட் குழாய், புரொபெல்லர் ஷாஃப்ட், இரண்டு முன் டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் கழல வேண்டும், அதுவும் கை வைக்க முடியாத சூட்டில். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மாதக் கடைசியில் தேவைப்படும்.

அக்டோபர் 13

நேற்று விட்டுப்போனது: இந்த வண்டியை வளைப்பது எப்படி?

மூக்கில் அவ்வளவு எடை என்பதால், வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரேதான் போகப் பார்க்கும். ஆக்சிலரேட்டரை விட்டால் டர்போ அடங்கிவிடும்; மறுபடி மிதித்தால் விசை வந்து சேர ஒரு நொடியாவது ஆகும், அதற்குள் வளைவே முடிந்துவிடும். இடது காலால் பிரேக் பிடிப்பது இதற்கு மருந்து. வலது கால் ஆக்சிலரேட்டரிலேயே நிற்க, இடது கால் பிரேக்கைத் தொடுகிறது. எடை முன்னால் சாய்கிறது, பின்பக்கம் லேசாகி வழுக்குகிறது, மூக்கு உள்ளே வருகிறது. எஞ்சின் சுழற்சி விழாததால் டர்போவும் ஊதிக்கொண்டே இருக்கிறது.

கெடுவது எங்கே என்றால் பிரேக்கில். எஞ்சின் தள்ளத் தள்ளப் பிடிப்பதால் டிஸ்க் பழுக்கும், பிரேக் ஆயில் கொதிக்கும், பெடல் பஞ்சுபோல் இறங்கும். நீண்ட மலையிறக்கத்தில் இது வந்தால் ஓட்டுநரிடம் மிஞ்சுவது கியர் மட்டும்.

அக்டோபர் 16

பக்கத்து இருக்கை. பொன்ஸ் ‘வழி சொல்பவர்’ என்று எழுதுகிறார்கள். வழி சொல்வது அந்த வேலையில் சின்ன பங்கு.

ராலிக்கு முந்தைய நாட்களில் இருவரும் சாதாரண வண்டியில் அதே சாலையில் மெதுவாகப் போவார்கள். ஓட்டுநர் பார்த்துச் சொல்லச் சொல்ல கோ-டிரைவர் எழுதுவார்: எந்தப் பக்கம் வளைவு, எவ்வளவு கூர்மை, நீண்டதா, உள்ளே போகப் போக இறுகுமா, மேட்டுக்கு அப்பால் என்ன, அடுத்ததற்கு எத்தனை மீட்டர். இதற்குப் பெயர் பேஸ் நோட். இரண்டாம் முறை அதே சாலையில் வாசித்துச் சரிபார்ப்பார்கள். போட்டியன்று வாசிப்பதில் நேரம்தான் உயிர். ஒரு வளைவு சீக்கிரம் சொன்னால் ஓட்டுநர் மறந்துவிடுவார், தாமதித்தால் பள்ளத்தில் கிடப்பார். பக்கம் புரட்டும்போது ஒரு வரி விட்டுப்போனால், கண்ணால் பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை வாயை மூடிக்கொள்வதே நல்லது. தப்பான நோட் கேட்டு ஓட்டுவதைவிட நோட்டே கேட்காமல் ஓட்டுவது மேல்.

இது தவிர, வழியில் நேரம் பதியும் சாவடியில் (டைம் கன்ட்ரோல்) எந்த நிமிடத்தில் நுழைய வேண்டும், சர்வீஸுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது, பெட்ரோல் அடுத்த இடம்வரை தாங்குமா என்ற கணக்கெல்லாம் பொன்ஸ் தலையில்.

அக்டோபர் 19

1982-இல் மொத்தம் 12 சுற்றுகள். கென்யாவின் சஃபாரி தவிர 11-இல் மூட்டோன் ஓட்டினார். வென்றது போர்ச்சுகல், கிரீஸின் அக்ரோபோலிஸ், பிரேசில்.

போர்ச்சுகலில் கூட்டமே பெரிய இடைஞ்சல். ஜனங்கள் சாலை நடுவே நின்று, வண்டி வரும்போது கடைசி நொடியில் பிளந்து வழிவிடுவார்கள். வளைவின் உள்பக்கம் எங்கே என்றே தெரியாது. நான்கு வருடம் கழித்து அதே ராலியில் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து பார்வையாளர்கள் இறந்தார்கள்.

அக்ரோபோலிஸ் வேறு வகை. கல், வெயில், தூசி. கீழே எஞ்சினைக் காக்கும் தகடு நாள் முழுக்க அடி வாங்கும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் சூடேறி நீர்த்து, வண்டி குதிக்க ஆரம்பிக்கும். டயர் கிழிந்தால் இறங்கி மாற்றுவதா, அப்படியே ஓட்டுவதா என்று உடனே முடிவெடுக்க வேண்டும். மாற்ற இரண்டு மூன்று நிமிடம் போகும். இரண்டு சக்கர இழுவை வண்டி என்றால் ஸ்டேஜ் (கடிகாரம் ஓடும் சாலைப் பகுதி) முடிவு பக்கத்தில் இருக்கும்போது ரிம்மிலேயே ஓட்டிவிடலாம். நான்கு சக்கரமும் ஒன்றோடொன்று பூட்டிய வண்டியில் அது ஆபத்து. ஒரு சக்கரம் சிறுத்துப்போனால் அதன் சுழற்சி மாறுகிறது, அந்த முறுக்கு முழுவதும் டிஃபரன்ஷியலிலும் ஷாஃப்டிலும் ஏறுகிறது. அங்கே மூட்டோன் முதலிடம், ஓப்பல் அஸ்கோனா 400 ஓட்டிய வால்டர் ரோர்ல் இரண்டாமிடம். பட்டத்துக்கு அவருடைய போட்டியாளர் இந்த ரோர்ல்தான்.

கோர்சிகாவில் ஏழாவது. அது முழுக்க வளைந்து வளைந்து போகும் தார்ச்சாலை, குவாட்ரோவின் கனத்த மூக்குக்கு ஆகாத இடம். ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அக்டோபர் 22

சிலர் ‘குவாட்ரோ கிடைத்ததால் வென்றார்’ என்கிறார்கள். அப்படியானால் அதே குவாட்ரோவில் ஹானு மிக்கோலா 1982-இல் ஏன் மூன்று வெல்லவில்லை?

தவிர, ஆடிக்கு வருமுன்பே அவர் ஆள்தான். பிரான்சின் கிராஸ் ஊரில் 1951-இல் பிறந்தவர். கோ-டிரைவராக ஆரம்பித்து, பிறகு ஆல்பைன் ஏ110-இல் ஸ்டியரிங் பிடித்தார். அந்த வண்டியில் ஆண்களை முந்த முந்த, எஞ்சினில் ஏதோ வேலை செய்திருக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பி, அதிகாரிகள் பிரித்தே பார்த்தார்கள். எல்லாம் விதிப்படி இருந்தது. 1975-இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் கிறிஸ்டீன் டாக்ரெமோன், மரியான் ஹோப்னர் இருவரோடு சேர்ந்து 2 லிட்டர் பிரிவை வென்றார். 1978-இல் ஃபியட் 131 அபார்த்தில் டூர் து பிரான்ஸ் ஆட்டோமொபைல்.

அக்டோபர் 27

1982-இல் இன்றுதான் ஐவரி கோஸ்ட் ராலி தொடங்கியது. அந்த வேளையில் மூட்டோனின் தந்தை புற்றுநோயால் இறந்தார். மகளுக்கு முதன்முதலில் ராலி கார் வாங்கித் தந்தவர் அவர். போட்டியில் இறங்க வேண்டும் என்பதே அவருடைய விருப்பம் என்பதால் மூட்டோன் இறங்கினார். இதற்கு மேல் இங்கே எழுத ஒன்றுமில்லை.

ராலியின் அமைப்பு முக்கியம். ஐரோப்பிய ராலிகளில் மூடிய ஸ்பெஷல் ஸ்டேஜ்களில் மட்டும் கடிகாரம் ஓடும். இடையே உள்ள சாலைப் பயணத்தில் கொஞ்சம் நேரம் மிஞ்சும், மெக்கானிக்குகள் அதில் வேலையை முடித்துவிடுவார்கள். ஐவரி கோஸ்ட் அப்படியில்லை. ஸ்பெஷல் ஸ்டேஜ் என்பதே கிடையாது. கன்ட்ரோலிலிருந்து கன்ட்ரோல்வரை செம்மண் சாலை, கொடுத்த நேரத்துக்குள் பெரும்பாலும் போய்ச்சேர முடியாது. தாமதித்த நிமிடமெல்லாம் தண்டம். குறைந்த தண்டம் பெற்றவர் வெற்றி. 1972-இல் இதே ராலியை ஒருவர்கூட முடிக்கவில்லை.

நவம்பர் 1

மூட்டோன் ஆரம்பத்திலேயே ரோர்லை ஒரு மணி நேரத்துக்கு மேல் பின்னுக்குத் தள்ளினார். பிறகு கியர்பாக்ஸ். 12-ஆம் தேதிக் குறிப்பைப் பாருங்கள்: ஒரே கூடு, மூன்றும் சேர்ந்து இறங்க வேண்டும். மாற்றிய நேரத்தை ஒளித்துவைக்க இங்கே இடைவேளை இல்லை. முன்னிலை ஏறக்குறைய முழுவதும் கரைந்தது. அதன் பிறகு மூடுபனியில் வண்டி சாலையை விட்டு உருண்டது. ரோர்ல் வென்றார், பட்டமும் அவருக்கு.

அஸ்கோனா 2.4 லிட்டர், டர்போ இல்லை, பின் சக்கர இழுவை மட்டும். அதில் கெடுவதற்குப் பாகங்களே குறைவு. அந்த வருடம் ரோர்ல் ஒன்பது சுற்றுகளை முடித்தார். மூட்டோன் முடித்தது ஏழு.

நவம்பர் 3

புள்ளிக்கணக்கு. முதலிடத்துக்கு 20, பிறகு 15, 12, 10, 8, 6, 4 என்று இறங்கும். ஒருவருடைய சிறந்த ஏழு முடிவுகள்தான் சேரும்.

மூட்டோன்: 20, 20, 20, 15, 10, 8, 4. மொத்தம் 97.
ரோர்ல்: 20, 20, 15, 15, 15, 12, 12. மொத்தம் 109. ஒரு 12-உம் ஒரு 10-உம் தள்ளுபடி.

ரோர்ல் வென்றது இரண்டே சுற்று. வெற்றிகளை எண்ணினால் மூட்டோன், முடித்ததை எண்ணினால் ரோர்ல். ஐவரி கோஸ்டில் மூட்டோன் முதலிடமும் ரோர்ல் இரண்டாமிடமும் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூட்டோனின் 4 கழிந்து 20 சேர்ந்திருக்கும்: 113. ரோர்லுக்கு 104. ஆக, ஒரே ஒரு கியர்பாக்ஸ் என்று சொல்ல ஆசைதான். ஆனால் மான்டே கார்லோ, நியூசிலாந்து, ஃபின்லாந்து மூன்றிலும் பூஜ்யம் வாங்கியதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நவம்பர் 25

கடைசிச் சுற்று, பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலி. பட்டம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. ரோர்ல் ஓட்டவில்லை. காட்டுப்பாதை, ஈரமண், நவம்பர் இருட்டு. முதலில் மிக்கோலா, அடுத்து மூட்டோன், மூன்றாவது டாய்வனன். மேலே எழுதிய 15 இங்கிருந்து வந்ததுதான். ஆடிக்கு அந்த வருடத்துத் தயாரிப்பாளர் பட்டம் கிடைத்தது.