தாமாரின் கதையை யார் வாசிப்பது?

யாழ்ப்பாணத்துச் சபைகளில் பெண் சமத்துவம் பற்றிப் பேசப் போனால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. தலையாட்டுவார்கள். கிறிஸ்துவுக்குள் ஆணென்றும் பெண்ணென்றும் இல்லை என்று கலாத்தியர் 3:28ஐ எனக்கு முன்னரே ஒருவர் சொல்லி முடித்துவிடுவார். உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு அமெரிக்க மிஷனரிமார் 1824 இலேயே பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார்கள் என்ற பெருமையும் கூடவே வரும். எல்லாம் உண்மைதான். இறையியல் கற்பித்துக்கொண்டு, வார இறுதிகளில் சபைகளுக்கு வேதபாட வகுப்பு எடுக்கப் போகும் எனக்கு இந்தத் தலையாட்டல்தான் பெரிய சிக்கல். எதிர்க்கிற ஆளோடு வாதாடலாம். ஒத்துக்கொண்டு எழும்பிப் போகிற ஆளோடு என்ன செய்வது?

குருத்துவம் பற்றிய கேள்வி இப்போது பழசு. அங்கிலிக்கன் இலங்கைத் திருச்சபை 2006 இல் பெண்களைக் குருக்களாக ஏற்றுக்கொண்டது. யாழ் ஆதீனம் சேர்ந்திருக்கும் தென்னிந்தியத் திருச்சபையில், ஆந்திராவின் நந்தியாலுக்கு 2013 இல் புஷ்பா லலிதா பேராயராகவே வந்துவிட்டார். சபையின் அன்றாடம் வேறு மாதிரி. ஞாயிறு பாடசாலை, வீட்டு ஜெபம், நோயாளரைப் பார்க்கப் போவது எல்லாம் பெண்கள். காணி, கட்டடம், கணக்கு எல்லாம் ஆண்கள். யாரும் எழுதி வைத்த விதியல்ல. “அவையளுக்கு உந்தக் கரைச்சல் எதுக்கு” என்ற அன்பில்தான் நடக்கிறது.

பேச்சு முற்றினால் 1 கொரிந்தியர் 14 வெளியே வரும்: பெண்கள் சபையில் பேசாமலிருக்கட்டும். அதே கடிதத்தின் 11ஆம் அதிகாரத்தில், பெண்கள் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் பவுல் தடுக்கவில்லை, தலையை மூடுவது பற்றித்தான் பேசுகிறார் என்று காட்டுவேன். ரோமர் 16இல் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாளைக் கூப்பிடுவேன். வசனத்துக்கு வசனம் போடுவதில் ஒரு ருசி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது பட்டிமன்றத்தோடு முடிந்துவிடும்.

பிலிஸ் டிரிபிள் என்ற அமெரிக்க வேதாகம அறிஞர் 1984 இல் வெளியிட்ட நூல்தான் எனக்கு வேறு வழி காட்டியது. ஆகார், தாமார், யெப்தாவின் மகள், நியாயாதிபதிகள் 19இல் வரும் பெயரில்லாத பெண் ஆகிய நால்வரின் கதைகளையும் அவர் பூசி மெழுகாமல் வாசிக்கிறார். ஆறுதல் வசனம் தேடி ஓடுவதில்லை.

நான் அதிகம் எடுப்பது 2 சாமுவேல் 13. தாவீது ராஜாவின் மூத்த மகன் அம்னோன், சுகமில்லாதவன்போல் படுத்துக்கொண்டு, பலகாரம் செய்து தரச் சொல்லி, தகப்பன் வழிச் சகோதரி தாமாரை வரவழைத்துக் கெடுத்துவிடுகிறான். அவள் சும்மா இருக்கவில்லை. மறுக்கிறாள், நியாயம் சொல்கிறாள், பிறகு தலையில் சாம்பலைப் போட்டுச் சத்தமிட்டு அழுதுகொண்டு போகிறாள். கூடப்பிறந்த அப்சலோம் சொல்வது, பேசாமல் இரு, அவன் உன் சகோதரன். தகப்பன் தாவீதுக்குக் கோபம் வருகிறது. அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்து அப்சலோம் ஆள் வைத்து அம்னோனைக் கொல்கிறான். தன் மகளுக்குத் தாமார் என்று பேர் வைத்தான் என்று அடுத்த அதிகாரத்தில் ஒரு வரி வருகிறது. எப்போது வாசித்தாலும் அதில் கொஞ்சம் நின்றுதான் போவேன்.

பல நாட்டுத் திருச்சபைகள் பின்பற்றும் 1992ஆம் ஆண்டின் பொது வாசக அட்டவணை, ஞாயிறு வாசிப்பில் 12ஆம் அதிகாரத்திலிருந்து 18க்குத் தாவிவிடுகிறது. பின்னர் அப்சலோமும் கொல்லப்பட, “என் மகனே அப்சலோமே” என்று தாவீது அழுவது காதில் விழும். அந்தச் சாவுக்கு வழிவைத்தது எது என்பது விழாது.

இதை வாசித்து முடித்தால் ஒருவரும் தலையாட்டுவதில்லை. குடும்ப மானம் பற்றிய பேச்சு தானாக வரும். ஒரு வகுப்பில் வயதான அம்மா ஒருவர், “தாவீதைப் பற்றி எவ்வளவு பிரசங்கம் கேட்டனாங்கள் பிள்ளை, இந்தப் பெட்டையைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லையே” என்றார். சபைக் கணக்குப் பார்க்கும் ஐயா ஒருவர், “தகப்பன் கோபப்பட்டவர்தானே” என்று தாவீதுக்காகப் பேசினார். “கோபப்பட்டு என்ன செய்தவர்?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டார். போரில் கணவனை இழந்து, தனியாகப் பிள்ளைகளை வளர்த்தவர் அவர்.

அதற்குப் பிறகு தாவீதை விட்டுவிட்டார்கள். எங்கள் சபையில் ஒரு பிள்ளைக்கு இப்படி நடந்தால் யாரிடம் போய்ச் சொல்வது, யார் விசாரிப்பது என்று பேச்சு திரும்பியது. காணியும் கட்டடமும் பார்க்கும் அதே குழுதான். அதில் ஒரு பெண்கூட இல்லை. கணக்குப் பார்க்கும் ஐயாவே அதைச் சொன்னார், கொஞ்சம் தயங்கித்தான். அடுத்த கூட்டத்தில் அது விடயமாக எடுக்கப்பட்டது. இன்னும் முடிவில்லை, இழுபடுகிறது.

இப்போது வேறொரு சபை, இதே அதிகாரத்தை ஆண்கள் ஐக்கியத்துக்கு எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் வசதியாம், தேத்தண்ணிக்குப் பெண்களை ஒழுங்கு செய்திருக்கிறார்களாம். வருகிறேன், தேத்தண்ணியை ஆண்கள் போடட்டும், பெண்கள் வந்து இருக்கட்டும் என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.