திற்பரப்பில் குளிக்கப் போகும் முன்

குமரி மாவட்டத்துத் திற்பரப்பு அருவிக்குக் கிளம்பும்போது வானத்தைப் பார்த்துப் பயனில்லை. பேச்சிப்பாறை அணையில் மறுகால், அதாவது உபரிநீர் வழி, திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். பக்கத்து ஊரான குலசேகரத்தில் வெயில் கொளுத்தும். ஆனாலும் மலையில் பெய்த மழை கோதையாறு வழியாக அருவிக்கு வந்து சேரும். அன்று குளிக்கத் தடை போடுவார்கள். தடை இல்லாத நாளிலும் தெளிந்த நீர் திடீரென்று கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் உடனே கரையேறிவிடுங்கள்.

படகு சவாரி அருவிக்கு மேலே, தடுப்பணையில். லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகளை மாட்டியதும் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறினால் நாடாவை இறுக்குங்கள். அப்போதும் ஏறினால் வேறு கேளுங்கள். பிள்ளைக்குப் பெரியவர் ஜாக்கெட் போட்டால், தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மட்டும் மேலே மிதக்கும்.

ஊர்க்குளத்தில் நீந்துகிறவர்களுக்கு ஒன்று. மதியம் மேல்தண்ணீர் இளஞ்சூடாக இருக்கும், ஓர் ஆள் ஆழத்தில் சில்லென்று கிடக்கும். சூடேறிய நீர் கனம் குறைந்து மேலேயே நிற்பதுதான் காரணம். எடுத்த எடுப்பில் குதித்தால் அந்தக் குளிரில் மூச்சு தானாக உள்ளே இழுக்கும்; தண்ணீர் குடிப்பது அப்போதுதான். படியில் இறங்கி, கழுத்துவரை நனைந்த பிறகு நீந்துங்கள்.

பாறையில் கறுத்துப் பளபளக்கும் இடமெல்லாம் பாசி. வெளிறிச் சொரசொரப்பான இடத்தில் கால் வையுங்கள். துவர்த்து (துண்டு) இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று எப்படியும் நனைந்துவிடும்.