பறிபோகும் லெஷர் பீரியட்

ஆசிரியர்களின் மன அழுத்தம் என்று பேச்சு எழுந்தால், யோகா, மூச்சுப் பயிற்சி என ஒரு மணி நேர வகுப்பு எடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். மூச்சுப் பயிற்சி நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அரசுப் பள்ளி ஆசிரியர் மாலையில் நொந்துபோய் வீடு திரும்புவதற்கான காரணத்தைத் தேடினால், முதலில் புரட்ட வேண்டியது கால அட்டவணையை.

நாளுக்கு 8 பீரியட், வாரத்துக்கு 40. உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியருக்குப் பெரும்பாலும் 28 முதல் 32 வகுப்புகள் விழும். அந்தக் கணக்கில் நாளுக்குச் சராசரியாக இரண்டு லெஷர், அதாவது பாடம் எடுக்க வேண்டாத பீரியட், மிஞ்சும். நோட்டு திருத்துவது, அடுத்த பாடத்துக்குத் தயாராவது, தொண்டைக்கு ஓய்வு, கழிப்பறைக்குப் போய்வருவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். லீவு போட்டவரின் வகுப்பு வந்து அதை விழுங்கும். இல்லையென்றால் கல்வித் துறையின் இணையத் தகவல் தளமான எமிஸில் பதிவு செய்யும் வேலை வரும், அல்லது வாட்ஸாப்பில் "மிக அவசரம், இன்று மாலை 4 மணிக்குள்" என்று ஒரு படிவம் வரும். ஈராசிரியர் பள்ளியிலோ லெஷர் என்ற பேச்சே கிடையாது.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு கல்விசாராப் பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் பள்ளிக்குள்ளேயே குவியும் பதிவேட்டு வேலையை அந்தப் பிரிவு தடுப்பதில்லை. அதைத் தலைமை ஆசிரியர்தான் ஒழுங்குபடுத்த முடியும். வாட்ஸாப் குழுவில் வரும் செய்திகளை ஒருவர் மட்டும் காலையில் ஒரு முறையும் மதியம் ஒரு முறையும் பார்த்து, யாருக்கு எது என்று பிரித்துக் கொடுத்தாலே பாதிப் பதற்றம் அடங்கும். வகுப்பு நடுவே எல்லோருடைய போனும் அதிர்வதுதான் கவனத்தைச் சிதறடிக்கிறது.

நோட்டு திருத்தும் கணக்கைப் பாருங்கள். வகுப்புக்கு 40 பேர், 5 வகுப்பு என்றால் 200 நோட்டு. ஒன்றுக்கு 2 நிமிடம் வைத்தாலும் 400 நிமிடம், அதாவது 6 மணி 40 நிமிடம். மொத்தமாக வாங்கி மேசையில் அடுக்கினால் அந்த அடுக்கைப் பார்க்கும்போதே மனசு சோர்ந்துவிடும். கடைசியில் ஆய்வுக்கு முதல் நாள் இரவு தேதியும் கையெழுத்தும் மட்டும் போடும் நிலை வரும். பிள்ளைக்கும் அதில் பயனில்லை, ஆசிரியருக்கும் உள்ளுக்குள் உறுத்தும். இதற்கு மாற்று, வரிசை எண்படி பிரித்துக்கொள்வது. திங்கள் 1 முதல் 8, செவ்வாய் 9 முதல் 16 என்று வைத்தால் நாளுக்கு 40 நோட்டுதான். பிழையை நாமே திருத்தி எழுதாமல் ஓரத்தில் குறியீடு மட்டும் போட வேண்டும்: எழுத்துப் பிழைக்கு 'எ', ஒற்றுப் பிழைக்கு 'ஒ', விடுபட்ட சொல்லுக்கு ஒரு கூரைக்குறி. மாணவரே திருத்தி எழுதி, அடுத்த முறை காட்டுவார். நோட்டுக்கு ஒரு நிமிடம் போதும். ஒரு லெஷருக்குள் முடிந்துவிடும். எந்தக் குறிக்கு என்ன பொருள் என்பதை ஜூன் மாதமே கரும்பலகையில் எழுதிப் பழக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் "டீச்சர், இது என்ன?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே நேரம் போய்விடும்.

அடுத்தது குரல். வியாழக்கிழமை வந்தால் தொண்டை கட்டிக்கொள்வதைப் பலரும் இந்த வேலையின் விதி என்றே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். சத்தத்துக்கு மேல் சத்தம் போடுவதும், பலகையைப் பார்த்தபடி பேசுவதும், அடிக்கடி கனைப்பதும் குரல்நாண்களைப் புண்ணாக்கும். கையை உயர்த்தி, வகுப்பு அடங்கும்வரை பேசாமல் நிற்பதை முதல் வாரமே பழக்க வேண்டும். பலகையை ஈரத்துணியால் துடைத்தால் தூசு பறக்காது. பீரியடுக்கு இரண்டு மடக்கு தண்ணீர் குடிக்க வேண்டும். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

தண்ணீர் குடிக்கச் சொல்வது எளிது. நல்ல கழிப்பறை இல்லாத பள்ளிகளில் ஆசிரியைகள் காலை 9 மணியிலிருந்து தண்ணீரைத் தவிர்க்கிறார்கள். தொண்டை வறண்டுபோகிறது, சிறுநீர்த் தொற்று வருகிறது, எரிச்சலோடு பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. இதைக் கூச்சப்பட்டு மறைக்க வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி அனுப்ப வேண்டிய விஷயம் இது.

லீவு போட்டவருக்காக மற்றவர் எடுக்கும் பதிலி வகுப்புக்கு ஒரு சின்ன நோட்டு போதும். தேதி, யாருடைய லெஷர் போனது என்ற இரண்டே கட்டம். ஒரே நாளில் ஒருவருடைய இரண்டு லெஷரையும் எடுக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால், "எனக்கு மட்டும் ஏன்" என்ற கசப்பு ஆசிரியர் அறையில் தங்காது. சக ஆசிரியர் மேல் மூளும் இந்தக் கசப்புதான் பிள்ளைகளின் சேட்டையைவிட ஆளை அதிகம் அரிக்கிறது.

மதிய உணவுக்குப் பிறகு வரும் ஆறாவது, ஏழாவது பீரியடில் கோபம் தலைக்கேறுவது இயல்பு. அந்த நொடியில் கண்டிக்கப் போகாதீர்கள். ஐந்து வரி எழுதச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய்த் தண்ணீர் குடியுங்கள். அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. பெற்றோர் சண்டைக்கு வந்தால் வகுப்பு வாசலில் பதில் சொல்லக் கூடாது. தலைமை ஆசிரியர் அறையில் உட்காரவைத்து, இன்னொரு ஆசிரியரையும் உடன் வைத்துக்கொண்டு, முதலில் அவர் சொல்வதைக் கேட்டுவிட்டுப் பேச வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில், 'பர்ன்-அவுட்' எனப்படும் பணிச்சோர்வை, சமாளிக்கப்படாத நீண்டகாலப் பணி அழுத்தத்தின் விளைவு என்று விளக்கியது. அதற்கு மூன்று அடையாளங்கள்: தீராத களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகுவது, செய்வது எதுவும் பயன்படவில்லை என்ற எண்ணம். மூன்றும் சேர்ந்து தெரிந்தால் லெஷரை மீட்பது மட்டும் போதாது. தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால், அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டணம் இல்லை, எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் போகலாம். அதற்காக மருத்துவ விடுப்பு எடுக்கும் சார் ஒருவரைப் பற்றி ஆசிரியர் அறையில் பேச்சு எழுந்தால், மூத்தவர்கள் அங்கேயே அதை நிறுத்திவிட்டு, அவருடைய பத்தாம் வகுப்பை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்க வேண்டும்.