பத்மினிக்கு ஒரு மறைவான சுவிட்ச்

ஃபியட் 1100-ஐ அடியொற்றி மும்பையில் தயாரான பிரீமியர் பத்மினியில், இன்றைய கார்களைப் போலச் சாவியை அடையாளம் காணும் மின்னணுப் பூட்டு எதுவும் கிடையாது. பேட்டரியிலிருந்து காயிலுக்கு (ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் சுருளுக்கு) நேரடியாக ஒரு வயரை இழுத்துவிட்டால் இக்னிஷன் சாவிக்கு வேலையே இல்லை என்பது பழைய மெக்கானிக்குகள் அனைவரும் அறிந்ததுதான்.

ஆகவே, திருட்டைத் தடுக்கச் சாவிக்கும் காயிலுக்கும் இடையே உள்ள வயரில் சுவிட்ச் வைப்பதில் பெரிய பயனில்லை என்றே கருதுகிறேன். மாறாக, காயிலிலிருந்து, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் மெல்லிய வயரில் ஒரு கிளையைப் பிரித்து, மறைவான சிறு சுவிட்ச் வழியாகப் பாடியில் எர்த் செய்துவிட்டால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனையான பாயிண்ட் திறக்கும்போதும் மின்னோட்டம் அறுபடாது. அது அறுபடாதவரை ஸ்பார்க் வராது, செல்ஃப் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சுவிட்ச் பழுதாகி இணைப்பு விட்டுப்போனாலும் வண்டி நடுவழியில் நிற்காது என்பது கூடுதல் வசதி. ஆனால் கிளை வயர் எங்கும் உரசித் தேய்ந்து தானாக எர்த் ஆகிவிடாதபடி ஸ்லீவ் போடுவது அவசியம். டேஷ்போர்டுக்கு அடியில் மட்டும் சுவிட்சை வைக்காதீர்கள். திருடனும் முதலில் அங்கேதான் தடவிப் பார்ப்பான்.

பெட்ரோல் குழாயில் வால்வு வைப்பவர்களும் உண்டு. கார்புரேட்டரில் தேங்கியுள்ள பெட்ரோல் தீரும்வரை வண்டி ஓடும் என்பதால், அதைத் துணைக்கு மட்டுமே வைத்துக்கொள்ளலாம்.

வாரக்கணக்கில் வண்டியை எடுக்காதவர்களுக்குச் செலவே இல்லாத வழி ஒன்று இருக்கிறது: டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே சுழன்று ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தை அனுப்பும், சட்டைப் பையில் அடங்கிவிடும் ரோட்டாரைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடலாம். மூடியை மறுபடி பொருத்திவிட்டால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.