மூத்தவன் கடித்து வைத்த பிஸ்கட்
இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது, மூத்தவன் கடித்து மிச்சம் வைத்த பிஸ்கட்டை அப்படியே வாயில் போட்டுக்கொள்வேன். சைட்டோமெகலோ வைரஸ் சின்னப் பிள்ளைகளின் எச்சில், சிறுநீர் வழியாகத் தொற்றும், அம்மாவுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, ஆனால் வயிற்றுக் குழந்தைக்குக் காது கேட்காமல் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்றுதான் நிறுத்தினேன். டயபர் மாற்றினால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், தயவுசெய்து.

அப்புறம் ருபெல்லா, அதாவது ஜெர்மன் தட்டம்மை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் அம்மாவுக்கு வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் எல்லாவற்றையும் பாதிக்கலாம். கண்புரையோடு பிறந்த குழந்தைகளைப் பார்த்து 1941-லேயே இதைச் சொன்னவர் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக். தடுப்பூசி இருக்கிறது, ஆனால் கர்ப்பமான பிறகு போடக்கூடாது, குறைந்தது ஒரு மாதம் முன்பே போட்டிருக்க வேண்டும். அதனால் குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் கேளுங்கள்.