குடல் குறைந்த குழந்தையை வீட்டில் பார்த்துக்கொள்வது: அளவு, உப்பு, ஸ்டோமா பை

வார்டிலிருந்து கிளம்பும் நாளிலேயே டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கி நான்கு விஷயங்களைத் தேடுங்கள். சிறுகுடல் எத்தனை சென்டிமீட்டர் மிச்சம் இருக்கிறது, சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்து வால்வு இருக்கிறதா, பெருங்குடல் எவ்வளவு இருக்கிறது, ஸ்டோமா (கழிவு வெளியேற வயிற்றில் குடலைத் திறந்து வைத்த வாய்) குடலின் எந்தப் பகுதியிலிருந்து வைத்திருக்கிறார்கள். நிறைமாதக் குழந்தைக்குச் சிறுகுடல் சுமார் 250 செ.மீ. இருக்கும். குடல் வெளியே தள்ளிப் பிறந்தாலும், அடைப்போடு பிறந்தாலும், முறுக்கிக் கறுத்துப்போயிருந்தாலும், வெட்டியது போக மிஞ்சியதை வைத்துத்தான் அடுத்த சில வருஷங்கள் ஓடும். சம்மரியில் இல்லையென்றால் ஆபரேஷன் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கடலூர், பண்ருட்டி, சிதம்பரம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஆபரேஷன் புதுச்சேரி ஜிப்மரில் நடந்திருக்கும். ராத்திரி அவசரத்துக்கு ஓடுவது பக்கத்து ஆஸ்பத்திரிக்கு. அங்கே டியூட்டியில் இருக்கும் டாக்டர் வயிற்றுத் தழும்பைப் பார்த்து இதையெல்லாம் தெரிந்துகொள்ள முடியாது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டுப் போடுங்கள். ஸ்டோமா பையில் வருவதை அளவுக் குவளையிலோ 50 மி.லி. சிரிஞ்சிலோ அளந்து, நேரத்தோடு எழுத வேண்டும். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 20 மி.லி. வரை என்றால் பொதுவாகச் சமாளிக்கலாம். 4 கிலோ குழந்தைக்கு அது 80 மி.லி. கிலோவுக்கு 40-ஐ நெருங்கினால், அதாவது 160 மி.லி. ஆனால், பாலைக் கூட்டுவதை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். சிறுநீருக்கு டயபரை எடை போடலாம்: நனைந்த எடையிலிருந்து காய்ந்த எடையைக் கழித்தால், ஒரு கிராமுக்கு ஒரு மி.லி. என்று கணக்கு.

"பால் நன்றாகக் குடிக்கிறான், எடை மட்டும் ஏறவில்லை" என்று பெற்றோர் சொல்லும்போது பல தடவை காரணம் உப்புதான். சிறுகுடல் ஸ்டோமாவில் தண்ணீரோடு சோடியமும் கொட்டுகிறது. தாய்ப்பாலில் சோடியம் குறைவு. ரத்தப் பரிசோதனை சரியாகவே காட்டலாம், ஏனென்றால் சிறுநீரகம் இருக்கும் உப்பையெல்லாம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் சிறுநீர் சோடியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அது 20 mmol/L-க்குக் கீழே இருந்தால் குழந்தைக்கு உப்புப் பற்றவில்லை, எடை ஏறாது. மருந்தாக எவ்வளவு உப்பு என்பதை டாக்டர்தான் எழுத வேண்டும். வீட்டு உப்பைக் கையளவில் பாலில் போடுவது ஆபத்து.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் விஷயத்தில் தப்பு நடப்பது கலக்குவதில்தான். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகப் போட வேண்டும். "கொஞ்சம்தானே குடிக்கும்" என்று தூளில் பாதியைக் கண்ணளவில் ஒரு டம்ளரில் போட்டால் சர்க்கரையும் உப்பும் ஏறி, வயிறு இன்னும் போகும். 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். 200 மி.லி. சின்னப் பாக்கெட் கிடைத்தால் அதுவே வசதி. இளநீர் இதற்கு ஈடாகாது. அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். இந்தக் குழந்தை இழப்பது சோடியத்தை. பழச்சாறு, குளுக்கோஸ் தண்ணீரும் வேண்டாம். சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளும். கத்திரி வெயிலில் வேர்வையிலும் உப்புப் போகும், அந்த வாரங்களில் நோட்டை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

ஸ்டோமா சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். பையைத் தோலில் ஒட்டும் தட்டை வெட்டும்போது ஓட்டை ஸ்டோமாவைவிட 2 மி.மீ. மட்டும் பெரிதாக இருக்கட்டும். அதற்கு மேல் போனால் பித்தம் கலந்த கழிவு தோலில் பட்டுப் புண்ணாகிவிடும். முதல் ஆறு, எட்டு வாரத்தில் ஸ்டோமா சுருங்கும். பழைய அச்சை வைத்து வெட்டாமல் ஒவ்வொரு தடவையும் அளந்துகொள்ளுங்கள். தோலை வெறும் தண்ணீரில் துடைத்து நன்றாக உலர விடுங்கள். குளிப்பாட்டும் பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: வயிற்றில் எண்ணெய் கூடாது, பை ஒட்டவே ஒட்டாது. ஒட்டியபின் உள்ளங்கைச் சூட்டில் இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்யுங்கள். கசிந்தால் மேலே பிளாஸ்டர் போட்டு மூட வேண்டாம். கழிவு உள்ளேயே தங்கித் தோலை அரிக்கும். கழற்றிப் புதிதாக ஒட்டுங்கள்.

நரம்பு வழி ஊட்டத்துக்காக சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள் போகும் மெல்லிய குழாய்) இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டாலே அவசரம்தான். பாராசிட்டமால் கொடுத்துக் காலை வரை பார்க்கும் வேலை வேண்டாம். லைனில் கிருமி ஏறியிருந்தால் சில மணி நேரத்தில் நிலைமை கைமீறும். ஆன்டிபயாட்டிக் போடுவதற்கு முன் லைனிலிருந்து ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுக்கச் சொல்லுங்கள். குழாயை இறுக்கி மூடும் ஒரு கிளாம்ப் எப்போதும் குழந்தையின் பக்கத்திலேயே இருக்கட்டும். லைன் உடைந்தால், உடைந்த இடத்துக்கும் உடம்புக்கும் நடுவே அதைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். கண் மஞ்சளானால் கல்லீரலைப் பார்க்க வேண்டும். நரம்பு வழி ஊட்டம் நீண்டால் வரும் பாதிப்பு இது.

பச்சை வாந்தி, கறுத்த ஸ்டோமா, பை காலியாகவே இருந்து வயிறு உப்புவது, ஆறு மணி நேரம் சிறுநீர் இல்லாதது, உச்சிக்குழி அமுங்குவது: இதில் எது வந்தாலும் 108-தான்.

ஐப்பசி, கார்த்திகையில் புயலுக்கென்று தனியாகத் தயாராக வேண்டியிருக்கிறது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஊரே தண்ணீரில் நின்றது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரில் புகுந்தது. இரண்டு வாரத்துக்கான பை, ஓ.ஆர்.எஸ்., ஃபீடிங் டியூப், சிரிஞ்ச் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உயரத்தில் வையுங்கள். சம்மரி நகலும் அதற்குள்ளேயே இருக்கட்டும். எச்சரிக்கை வந்ததும், தண்ணீர் ஏறும் தெருவில் வீடு இருந்தால், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது.

ஸ்டோமாவை மூடிய பிறகு மலம் முதல்முறையாக ஆசனவாய் வழியே வரும். அந்தத் தோல் இதுவரை பித்தத்தைப் பார்த்ததில்லை, இரண்டே நாளில் ரத்தம் கசியும் அளவுக்கு வெந்துவிடும். முதல் மலம் வருவதற்கு முன்பே சிங்க் ஆக்சைடு களிம்பைத் தடிமனாகப் பூசிவிடுங்கள். துடைக்கும்போது மேலே உள்ள அழுக்கை மட்டும் எடுத்து, களிம்பை அப்படியே விட்டு, அதன்மேலேயே மறுபடி பூசுங்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியை எடுத்திருந்தால், குழந்தை பள்ளிக்கூடம் போகும் வயதிலும் பி12 அளவைத் தவறாமல் பார்க்க வேண்டும். அந்த வைட்டமினை உறிஞ்சும் இடம் அது ஒன்றுதான், உடம்பில் இருக்கும் சேமிப்பு சத்தமில்லாமல் தீர்ந்துபோக வருஷங்கள் ஆகும்.